தொண்ணூறு யூரோ பாட்டில்

"அந்த மேல்தட்டு பாட்டிலை எடுங்க" என்றார் ஜன்னலோர மேசையில் இருந்த வெள்ளை மீசைக்காரர்.

கிரேக்கத்தின் கவாலா துறைமுகத்தில் இருக்கும் ஸ்தாதிஸின் உணவகத்தில் அந்த பாட்டிலை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றுதான் அதற்குத் தொண்ணூறு யூரோ விலை போட்டிருந்தான்.

பதினெட்டு யூரோ ஒயினை யாரும் சீண்டாமல் இருந்தபோது மனைவி எவாந்தியா சொன்ன யோசனை அது. பக்கத்தில் தொண்ணூறு நின்றால் பதினெட்டு மலிவாகத் தெரியும். தெரிந்தது, பதினெட்டு பறந்தது. தொண்ணூறுக்குள் இருந்ததோ பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். கெடாமல் இருக்கக் கொஞ்சம் வினிகர்.

"அது பழைய விலை சார். இப்போ நூத்தம்பது."

"அப்போ சரக்கு நல்லாத்தான் இருக்கும்."

"இல்ல, வேற ஒருத்தர் சொல்லி வச்சிருக்கார்..."

"அவரைவிட அம்பது கூடத் தரேன். இன்னிக்கு எங்க கல்யாண நாள்." எதிரே இருந்த அவர் மனைவி புன்னகைத்தாள்.

ஸ்தாதிஸ் சமையலறைக்கு ஓடினான். "எல்லாம் உன் மூளையால வந்தது!"

"கத்தாதே. பாட்டிலை உள்ள கொண்டு வா, பீப்பாய் ஒயினை மாத்தி ஊத்தித் தரேன்" என்றாள் எவாந்தியா.

பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினான்.

"எங்க போறீங்க? இங்கயே திறங்க. தக்கை வர்ற சத்தம் கேக்கணும் எனக்கு."

தக்கை வந்தது. பக்கத்து மேசைக்காரர் தும்மினார். மீசைக்காரர் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் ஸ்தாதிஸ் மனத்தளவில் கடையை இழுத்து மூடி, சாவியை வங்கிக்காரரிடம் கொடுத்துவிட்டான்.

"அடடா! இத்தனை வருஷமா நான் குடிச்சதெல்லாம் என்ன? இதுதான் ஒயின்!"

அவர் மனைவி கோப்பையை மோந்து பார்த்தாள். ஸ்தாதிஸை ஒரு பார்வை பார்த்தாள். கோப்பையைக் கணவர் பக்கம் நகர்த்திவிட்டாள். அதையும் அவரே குடித்தார்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அவள் பணத்தோடு கல்லாவுக்கு வந்தாள். ஸ்தாதிஸ் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்மா. மன்னிச்சிடுங்க. அது ஒயினே இல்ல."

"தெரியும். என் மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஒரு காசும் தராதீங்க. சாப்பாட்டுக்கும் வேண்டாம்."

அவள் இருநூறு யூரோவை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"இரைஞ்சு பேசாதீங்க. அவருக்கு வாசனையும் ருசியும் போய் ரெண்டு வருஷமாச்சு. விலை ஒண்ணுதான் இன்னும் ருசிக்குது, அதையும் குறைச்சிடாதீங்க."