மாரீஸ்வரனின் சொந்த மெட்டு

“தெரிஞ்ச பாட்டெல்லாம் வேண்டாங்க தம்பி. இப்ப மனசுல என்ன வருதோ, அதை வாசிங்க” என்றாள் மௌனிகா.

மாரீஸ்வரனின் மனசில் ஒன்றுமே வரவில்லை.

இட்டுக்கட்டி வாசிக்கிற மாணவர்களுக்குக் கற்பனை கூடுகிறதா என்பது மௌனிகாவின் ஆராய்ச்சி. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து சித்தூர்ப் பக்கம் கல்லூரியில் படிக்க வந்த மாரீஸ்வரன், “கீபோர்டு எனக்குத் தண்ணி பட்ட பாடுக்கா” என்று அளந்துவிட்டுப் பெயர் கொடுத்திருந்தான்.

கொழுந்து கிள்ளும்போது அம்மா முனகும் மெட்டு ஒன்று கைக்கு அகப்பட்டது. வேறு வழியில்லாமல் அதையே வாசித்துவிட்டான்.

மௌனிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படியொண்ணு நான் கேட்டதே இல்லீங்க! எப்படி வந்துச்சு?”

“மலையில மழை பெய்யிறத நெனச்சேன்க்கா.”

அவள் ஓடிப்போய்ப் பேராசிரியை சிவசங்கரியைக் கூட்டிவந்தாள். அவன் மறுபடி வாசித்தான். வாசலில் மாணவர்கள் கூடிவிட்டார்கள்.

“நடுவுல ஒரு இடத்துல இழுத்து நிறுத்தறயே, அது?” என்றார் சிவசங்கரி.

“அது... மேகம் பிரியிற இடம், டீச்சர்.”

ஒரே கைதட்டல்.

“காலேஜ் டேவுக்கு இதுதான் வரவேற்புப் பாட்டு. உன்ர பேரைப் போட்டு நோட்டீஸ் அடிச்சரலாம். உங்கம்மாவையும் மேடைக்குக் கூப்புடு!” என்றார் பேராசிரியை.

அம்மாவை மேடைக்கா? அத்தனை பேர் முன்னால் அவள், “இது நான் பாடுறதுல்ல?” என்று கேட்டுவிட்டால்? காது மடல் சுட்டது. கீபோர்டுக்குள் புகுந்துகொள்ள இடமிருந்தால் புகுந்திருப்பான்.

“மன்னிச்சிருங்க டீச்சர். மழையுமில்ல, மேகமுமில்ல. எல்லாம் பொய். அது எங்கம்மா பாடுறது. திருடித்தான் வாசிச்சேன்.”

மௌனிகா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப இந்தக் கைதட்டு அவங்களுக்குத்தான் சேரோணும்” என்றார் சிவசங்கரி. “போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு. எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேளு.”

அழாத குறையாகப் போனைப் போட்டான்.

“அம்மா, கொழுந்து கிள்ளும்போது ஒரு பாட்டு முனங்குவியே... அத என் சொந்தப் பாட்டுன்னு இங்க சொல்லிட்டேம்மா. மன்னிச்சிரு.”

மறுமுனையில் அம்மா வேலுத்தாய் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

“அது ஓம் பாட்டுதானய்யா! மூணு வயசுல கக்கூசுல உக்காந்துக்கிட்டு நீயே இட்டுக்கட்டிப் பாடுனது. கேட்டுக் கேட்டு எனக்குத் தொத்திக்கிருச்சு!”