ராகுகாலத்தில் ஒரு கையெழுத்து

கடவுள் எல்லா நாட்டிலும் இருக்கிறார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் ராகுகாலம் டென்மார்க்கில் எத்தனை மணிக்கு வருகிறது என்பது இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அது தெரியாமல் நான் பட்ட பாட்டை, வீட்டுக்கு ஆராவது வந்தால் என் பிள்ளைகள் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். அவர்கள் டெனிஷில் சொல்லிச் சிரிக்க முதல் நானே தமிழில் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு துணி ஆலையில் எனக்கு வேலை. என் மனைவி புவனா யாழ்ப்பாணத்தில். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. நாங்களும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். தமிழர்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு இருந்தது பிறகுதான் வெளியில் வந்தது. அப்போது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. (நான் பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதம் விளக்குக் கொளுத்தவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்?)

என்னோடு ஒரே வீட்டில் இருந்த சிவபாலண்ணைதான் வழி சொன்னார்.

"மனிசியெண்டு கேட்டால்தானே விடுறாங்களில்லை. வேலையாளெண்டு கேள். இந்தப் பிள்ளைதான் எனக்கு வேணுமெண்டு முதலாளி கையெழுத்து வைச்சுக் குடுத்தால் விடுவாங்கள்."

வெளிநாட்டு வேலையாட்களுக்கு இந்த நாடு கதவைப் பூட்டிக் கனகாலம் என்பது அண்ணைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் முதலாளி கார்லிடம் போனேன். ஆள் பெரிய உடம்பு, கதை குறைவு.

"இங்கே ஒருவருக்கும் தெரியாத வேலை ஏதாவது உன் மனைவிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தைப்பா."

"இங்கே எல்லாரும் தைக்கிறார்கள்."

நான் யோசித்தேன். "அவ தேவாரம் பாடிக்கொண்டு தைப்பா" என்றேன்.

கார்ல் அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, "கடிதம் எழுதி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வா, உனக்கு முன்னால் கையெழுத்து வைக்கிறேன். பன்னிரண்டுக்கு ஆலையைப் பூட்டிவிட்டு எல்லாரும் கோடை லீவில் போகிறோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி! சுத்த ராகுகாலம். புவனா வந்து சேர வேண்டிய காரியத்தை அதற்குள் தொடங்குவதா? நேரத்தை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கார்லோடு கதைத்த அன்று பின்னேரமே வீட்டில் பெரிய மாநாடு.

"விசரா, அது ஊர் நேரம். ஊரில பதினொண்டெண்டால் இஞ்ச விடிய ஏழரை. நீ முதலாளியிட்டப் போக முதலே எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் சிவபாலண்ணை. நான் நிம்மதியாக மூச்சு விட, அவரே மறுபடியும் யோசித்தார். "ஆனால் ராகுகாலத்தைச் சூரிய உதயத்தில இருந்தெல்லோ கணிக்கிறது? இஞ்ச கோடையில பகல் நீளம். அப்ப ராகுகாலமும் நீளும். ஒண்டரை மட்டும் போகுமடாப்பா."

ஊர் ராகு, டென்மார்க் ராகு, சூரியனைப் பார்த்து நீண்ட ராகு. எது மெய்யென்று தெரியாததால் மூன்றுக்கும் ஒளிப்பதென்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் குந்திக்கொண்டேன். வெளியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மூச்சுக்கூட விடாமல் மனதுக்குள் கந்தசஷ்டி கவசத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. கவசம் பலிக்குது என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டு தாண்டி வெளியில் வந்து பார்த்தால் ஆலையில் ஒரு குருவி இல்லை. கதவு பூட்டு.

அப்போதுதான் எனக்கு அறிவு வேலை செய்தது. கடிதம் கார்லிடம். கார்ல் லீவில். நான் உள்ளே.

யன்னலுக்கு ஓடினேன். முற்றத்தில் கார்ல், பின்னால் கறவான் என்ற வீட்டுவண்டியைக் கொளுவிய காருக்குள் ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. நான் கண்ணாடியில் அடித்த அடியில் முருகனே மயிலை விட்டு இறங்கியிருப்பார். கார்ல் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"நீ வீட்டுக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன்! கையெழுத்து வேண்டாமா?"

"வேணும். ஆனால் இப்ப வேண்டாம்" என்றேன் எனக்குத் தெரிந்த டெனிஷில். "இப்ப கூடாத நேரம். வானத்தில பாம்பு."

அவருடைய மனைவி இறங்கி வந்தார். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு முகில்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ர மனிசி வரவேணும். பிழையான நேரத்தில துவங்கினால் வரமாட்டா" என்றேன்.

கார்ல் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி போய்க் கறவானின் கதவைத் திறந்து மேசையை இழுத்து விரித்தார்.

"பாம்பு எப்போது போகும்?" என்று கார்ல் கேட்டார்.

"ஒண்டரைக்கு."

"சரி. கோப்பி குடிப்போம்."

லீவுக்குப் போகவேண்டிய அந்த இரண்டு பேரும் ஆலை முற்றத்தில் என்னோடு இருந்து கறுப்புப் பாண் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடமாட்டேன் என்றதும் எனக்கு இறைச்சியை எடுத்துவிட்டுச் சீஸ் மட்டும் வைத்தார்கள். ஒன்றரை தாண்டியதும் கார்ல் ஒருதரம் வானத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

மாரி தொடங்க முதல் பதில் வந்தது. டென்மார்க்குக்குத் தையல்காரர் தேவையில்லையாம். (தேவாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.)

மேலிடத்து உத்தரவு அம்பலமாகி, தொடாமல் கிடந்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்த பிறகுதான் புவனா வந்தாள். வந்த கிழமையே இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கொழும்பில பிளேன் ஏறினது சுத்த ராகுகாலத்துக்குள்ள. தெரிஞ்சுதான் ஏறினனான். நானும் உங்களை மாதிரி ஒளிச்சு நிண்டிருந்தால் எப்ப வந்து சேர்றது?" என்றாள்.

இன்றைக்கும் நான் எங்கேயாவது பிந்திப் போனால் பிள்ளைகள், "அப்பா துணிக்கட்டுக்குள்ளயோ?" என்று தொடங்கிவிடுவார்கள். உடனே புவனா குறுக்கே வருவாள்.

"மூண்டு ராகுவுக்கு ஒளிச்சிருந்து என்னைக் கூப்பிட்ட மனிசன். உங்களுக்கும் இப்பிடி ஆரும் கிடைச்சால் பிறகு சிரியுங்கோ."

பிள்ளைகள் அதற்கும் சிரிப்பார்கள். புவனா மட்டும் சிரிக்கிறதில்லை.