மூளை சார் கிளப்பிவிட்ட இரண்டு சேதிகள்

மூளை சாரைப் போல மனிதர்களை ஆழமாகப் பார்த்தவர் காஞ்சிபுரத்திலேயே கிடையாது. என்ன, முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். பேசும்போது அவர் பார்வை நம் நெற்றிக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி நிற்கும். தலையில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று நாமே தடவிப் பார்த்துக்கொள்வோம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எங்கள் நெசவுத் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, மூளையின் எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது என்று ஆராய்வது அவர் வேலை. அதை எங்களுக்கு விளக்க ஒரு காரியம் செய்தார். தெருக்கோடி வீட்டில், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று ஒரு புளுகைச் சொல்லிவிட்டு, மறுகோடியில் கடிகாரத்தோடு போய் நின்றார். ஆறே நிமிஷத்தில் சேதி வந்துவிட்டது. நடுவில் பத்து வீடுகளைத் தொடாமல், டெய்லர் கடை வழியாகத் தாவி வந்திருக்கிறது.

"பாத்தியாபா, மூளையும் இப்படித்தான்" என்றார் பரவசமாக. குடம் குடமாகப் பிடித்துவைத்த பெண்கள் அவரைச் சும்மா விடவில்லை.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பார்க்க வந்தவர்கள், அவருக்கு ஒன்றும் புரியாது என்று அவர் எதிரிலேயே அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். ஆறு மாதத்தில் நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சார் அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்தார். மெஷினே ஒரு பெரிய காந்தம், உடம்பில் உலோகமே இருக்கக்கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அம்மா மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றினாள். பட்டணம் போகிறாரே என்று பட்டு வேட்டியைக் கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சார் அதன் கரையைத் தொட்டு, ஜரிகையா என்று கேட்டார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சுத்த வெள்ளி சார். டூப்ளிகேட்டெல்லாம் எங்க வூட்ல கட்றதில்ல."

சாருக்கு மயக்கமே வந்துவிட்டது. வேட்டியை மாற்றித்தான் அப்பாவை உள்ளே அனுப்பினார்கள். உள்ளே, பதிவுசெய்த அம்மாவின் குரலை அவர் காதில் ஓடவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் படத்தோடு வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேரே டெய்லர் கடைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். கறுப்புப் படத்தில் இரண்டு இடங்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன, நடுவே ஒரு கோடு. அப்பாவின் மூளை. கருவறை முன்னால் நிற்பதுபோல் கைகூப்பி நின்றேன்.

"அவருக்கு எல்லாம் கேக்குது, புரியுது. வாய்க்குப் போற வழிதான் அறுந்திருக்குது" என்றார் சார் டெய்லரிடம்.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, முதல்முறையாக அவரையே கேட்டார்: "அண்ணா, சாப்டியா?"

அப்பா தலையாட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

இப்போதும் யாராவது என் முகத்தை விட்டு நெற்றிக்கு மேலே பார்த்தால், அது மூளை சாராக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.