வாய் இல்லாத மணமகளின் பதினோரு நிமிடங்கள்

என் மனைவி அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது என்று வெள்ளிக்கிழமை காலை ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் படங்களுக்கு சப்டைட்டில் எழுதும் நிறுவனத்தில் இருக்கிறேன். வேற்றுமொழிப் படம் ஓடும்போது திரையின் அடியில் தமிழில் வந்து போகுமே, அந்த வரிகள். வரி எழுதுகிறேனே தவிர, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். அந்த ஆறு மாதம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு முன் எங்கள் ஆட்களுக்குப் பட்டம் என்றால் தெருக்காரர்கள் வைத்ததுதான்.

அந்தப் படம் ஒரு ராக் ஓபரா. அதாவது பேச்சே கிடையாது; கிட்டாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் பாடியே தீர்ப்பார்கள். டிரம்ஸ் வாசிக்கிற ஒருவன் வீடு திரும்புகிறான். எந்தப் படியில் ஏறினாலும் ஒரே கதவு வருகிறது. உள்ளே அவன் மனைவி, கல்யாண உடையில். முதலில் இதை மேடை நாடகமாகப் போட்டபோது அவளுக்கு நல்ல பாட்டு இருந்ததாம். படமாக்கிய இயக்குநர் அவள் வாயை எடுத்துவிட்டார். முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடம் வெறும் தோல். ஆனால் குரல் மட்டும் சுவரிலிருந்து வருகிறது. பதினோரு நிமிடம். சொல்லே இல்லாத குரல்.

எனக்கு வந்த தாளில் அந்தப் பகுதிக்கு நேராகக் கட்டங்கள் காலியாக இருந்தன. "சொற்கள் இல்லை. காலியாக விடவும்" என்று குறிப்பு வேறு.

என்னால் விட முடியவில்லை. முதல் வகுப்பிலிருந்து எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதிவிட்டு வா, தாளில் வெற்றிடம் விடாதே. அப்படி எழுதி எழுதித்தான் பட்டம் வாங்கினேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

ஒரு ஞாயிறு மதியம் கட்டிலில் படுத்து, கணினியை நெஞ்சின்மேல் நிறுத்திக்கொண்டு அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். காது மருத்துவமனையில் வேலை அவளுக்கு, வாரம் முழுக்க ஆட்களை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று காது சோதிப்பாள். ஞாயிறு மதியம்தான் கண்ணயர்வாள்.

திடீரென்று பேசினாள். கண் மூடியபடியே. உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"நான் கூப்பிட்டேன். சுவர் 'ம்' என்றது."

என் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்று மட்டும் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும்:

"இந்த வீட்டில் இரண்டு பேர். மூச்சுச் சத்தம் ஒன்றுதான்."

எழுப்பலாமா என்று கை நீட்டினேன். தொடப் பயமாக இருந்தது. நீட்டிய கை சும்மா இருக்குமா? தட்டச்சு செய்தது. மூன்று ஞாயிறுகள் அவள் இப்படிப் பேசினாள். மூன்று ஞாயிறுகளும் நான் மயிர்க்கூச்செறிய எழுதினேன். சொன்ன வரிசையிலேயே கட்டங்களில் நிரப்பினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

படம் வெளியானது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் எழுந்திருக்கவே மறுத்தார்கள். ஆனால் எல்லோரும் பேசியது அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றித்தான்.

வியாழக்கிழமை மேலாளர் அம்மா கூப்பிட்டார்.

"அந்த வரியெல்லாம் மூலத்துல இல்லையே. எங்கேருந்து வந்தது?"

"வந்துங்க மேடம்... வந்தது."

"அதான் கேக்கறேன். படக்காரங்க விளக்கம் கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை எழுத்துல குடுங்க. திருட்டுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே கிளம்பிடலாம்."

திருட்டுதான். தூங்குகிற பெண்ணின் வாயிலிருந்து எடுத்தது. அவளுக்கே தெரியாது. படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் தீர்மானம்.

தீர்மானம் சனிக்கிழமை பத்து மணிவரை உயிரோடு இருந்தது. பத்து மணிக்கு எதிர்வீட்டுத் தையல்கார அக்கா என் மனைவியைத் தேடி வந்தார்.

"அந்த வாயில்லாப் பொண்ணு படம் பாத்தியா? நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். உங்க மாமா பாதியிலேயே எழுந்து வந்துட்டாரு. நாலு நாளா நாங்க பேசிக்கறதில்ல."

"எதுக்குக்கா?"

"அவருக்குப் புரியலையாம். எனக்குப் புரியுதாம். ஒரே வீட்ல ரெண்டும் எப்படி இருக்கிறது? இந்தா, மதியக் காட்சிக்கு ரெண்டு டிக்கெட். போய்ப் பாரு."

நான் குறுக்கே விழுந்தேன். "வேண்டாம்க்கா. அது ராக் ஓபரா. தலைவலி வரும்."

"ராக்குன்னா பாறைதானே?" என்றாள் மனைவி.

"பாறைதான். ஆனா இங்க..."

"பாறை பாடுமா?"

"பாடும்."

"அப்ப கண்டிப்பா பாக்கணும். நம்ம வீட்டுப் பாறை ரெண்டு வருஷமா வாயே திறக்கல."

"பயமா இருக்கும்மா. கனவுல வரும்."

"வரட்டும். யாராவது வந்தா பேச்சுத் துணையாச்சு."

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். தீர்மானமும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

அரங்கு முக்கால்வாசி நிரம்பியிருந்தது. யாரும் எதையும் கொறிக்கவில்லை, இருமக்கூட இல்லை. டிரம்ஸ்காரன் படியேறினான். அதே கதவு. மறுபடி ஏறினான். அதே கதவு. மணமகள் திரும்பினாள். வாயில்லாத அந்த முகத்துக்குக் கீழே என் முதல் வரி வந்தது.

*நான் கூப்பிட்டேன். சுவர் 'ம்' என்றது.*

அரங்கின் இருட்டிலிருந்து பலர் ஒன்றாக, மெதுவாக, "ம்" என்றார்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வேகமாக வெளியேறியது. மற்றவர்கள் அசையவில்லை.

மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினேன். திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில். கண் இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"தலையில்லாத ஒருவன் என் பக்கத்தில் படுத்திருக்கிறான்," என்றாள்.

திரையில் வந்தது: *தலையில்லாத ஒருவன் என் பக்கத்தில் படுத்திருக்கிறான்.*

"தலை இருந்த இடத்தில் வெளிச்சம்," என்றாள்.

*தலை இருந்த இடத்தில் வெளிச்சம்.*

"தண்ணீர் என் பெயரைச் சொல்லிச் சொட்டுகிறது. மூன்று மாதமாக."

அதுவும் வந்தது. ஒவ்வொரு வரியும் அவள் சொன்ன பிறகே திரையில் வந்தது. அவளுக்காகக் காத்திருந்தது போல. அவள் கையைத் தொட்டேன். ஐஸ்கட்டி. என் கையா அவள் கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுவரிலிருந்து வந்த குரல் அவளுடையது என்றே எனக்குத் தோன்றியது. பதினோரு நிமிடமும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

வெளியே வெயிலில் வந்து நின்றதும் கொட்டிவிட்டேன். ஞாயிறு மதியங்கள், தட்டச்சு, திங்கட்கிழமை, எல்லாவற்றையும்.

"நீ தூக்கத்துல பேசறம்மா. உனக்கு உள்ள ஏதோ இருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"யாரு தூங்கினா?"

நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"முழிச்சிருந்து ரெண்டு வருஷம் சொன்னேன். எதைச் சொன்னாலும் 'ம்'. சரி, காதுல கோளாறோன்னு உங்களைக் கண்ணாடி அறையில உக்கார வெச்சு ரெண்டு தடவை சோதிச்சேன். ஒரு குறையும் இல்ல."

"அது சும்மா பாக்கறேன்னு சொன்னியே!"

"ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிப் பாத்தேன். டக்டக்குன்னு எழுதற சத்தம்! பேப்பர்ல வர்ற மாதிரி பேசினா இன்னும் வேகமா எழுதினீங்க. எனக்கும் உற்சாகமாயிடுச்சு."

"அப்ப அந்தத் தலையில்லாத ஆள்?"

"நீங்கதான். படுத்துக்கிட்டே கம்ப்யூட்டரை மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டா தலை எங்க தெரியுது?"

"தண்ணி?"

"குளியலறைக் குழாய்ங்க. அப்பவே மூணு மாசமா ஒழுகிக்கிட்டிருந்துச்சு. ஆளைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். நீங்க அதைப் பாட்டா எழுதி ஊரையே அழ வெச்சிட்டீங்க. குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு."

திங்கட்கிழமை விளக்கக் கடிதத்தோடு கிளம்பினேன். அவளும் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். "எழுதினவரு நீங்க. சொன்னது நான். திருட்டுன்னு புகார் குடுக்க வேண்டியது நான்தானே? நான் பேசிக்கறேன்," என்று மேலாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. பிறகு இன்னும் பெரிய சிரிப்பு.

மேலாளர் அம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க. திருட்டு இல்லன்னு உங்க வீட்ல எழுதியே குடுத்துட்டாங்க. உங்க வேலை நிரந்தரம்."

என் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

"படக்காரங்களுக்கு ஒரே சந்தோஷம். இனிமே பாட்டுப் பகுதிய தனியாப் பிரிக்கறோம். சனிக்கிழமை சனிக்கிழமை பொறுப்பாளர் வருவாங்க. நீங்க அவங்களுக்குக் கீழ."

"ரொம்ப நன்றிங்க மேடம். பொறுப்பாளர் யாருங்க?"

மேலாளர் நியமனக் கடிதத்தை மேசைமேல் நகர்த்தினார். அடியில் 'மேலதிகாரி ஒப்பம்' என்று ஓர் இடம் இருந்தது.

என் மனைவி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கே கையெழுத்துப் போட்டாள்.