டப்பா இல்லாத கேமும் டைனிங் டேபிளும்

லிஃப்ட் பரிசோதகர் காலையில் பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தார். பார்த்தவர் துலக்குவதை அப்படியே நிறுத்திவிட்டார். பெட்டகத்தில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது.

ஒன்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. வாய் நிறைய நுரையோடு கூடத்துக்கு ஓடிவந்தார்.

"கத்தரிக்கான்னு ஒருத்தன்," என்றார். "ஆயிரத்து நூத்தி அறுபது கேமாம். போன வாரம்தான் சேந்திருக்கான்."

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். டைனிங் டேபிளின் மேல் குப்புறப் படுத்திருந்த கழுத்துவலிக்காரர் ஒருவரின் பிடரியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கொப்பளிச்சுட்டு வந்து பேசுங்க. இவர் மேல தெறிக்குது."

நோயாளியைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைக்கும்படி அவள் படித்த புத்தகம் எதிலும் சொல்லவில்லை. சிகிச்சைக் கட்டில் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அது பால்கனியில் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கிறது. அது போக வேண்டிய ரூமில் 1,143 வீடியோ கேம்கள் குடியிருந்தன. தரையிலிருந்து கூரைவரை பெரும்பாலும் டப்பா டப்பாவாக. டப்பாக்களுக்கு ஏசி, நோயாளிகளுக்கு மின்விசிறி.

பெட்டகம் என்பது போனில் இருக்கும் ஒரு பட்டியல். யாரிடம் என்னென்ன கேம் இருக்கிறது என்று உலகத்தில் உள்ள சேகரிப்பாளர்கள் எல்லாம் அதில் பதிந்துவைப்பார்கள். ஒன்றைப் பதிந்தால் ஒரு நட்சத்திரம். தினமும் திறந்தால் மணி அடித்து இன்னொரு நட்சத்திரம். நட்சத்திரம் சேரச் சேர ஒவ்வொரு படியாக ஏறலாம். பரிசோதகர் நாற்பத்தேழாவது படியில் தலையில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் திறக்கத் தவறினாலும் தொடர் அறுந்துவிடும் என்பதால், மாமனார் செத்த வீட்டில்கூட ஒரு நிமிஷம் ஒதுங்கி மணி அடிக்கவைத்துவிட்டு வந்து அழுதவர் அவர்.

போன மாதம்தான் மனைவி ஒரு பேச்சுப் பேசியிருந்தாள். "இந்த வருஷப் பட்டியல் வரட்டும். முதல் இடம் வந்தா ரூமைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா அன்னைக்குச் சாயங்காலமே கட்டில் உள்ள போகும்."

பரிசோதகர் யோசிக்காமல் சம்மதித்தார். முதல் இடத்தை விட்டு அசையாதவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டியல் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கத்தரிக்காயின் சேகரிப்பைத் திறந்து பார்த்தார். அத்தனையும் போனில் விளையாடும் மொபைல் கேம்.

"பழத்தை வரிசையா அடுக்குறது. பலூன் உடைக்கிறது. பூனைக்குச் சோறு போடுறது. இதெல்லாம் ஒரு கேமா?"

"பூனைக்குச் சோறு போடுறது நல்லா இருக்கும் சார்," என்றது டேபிள். கழுத்துவலிக்காரரின் முகம் கீழே தொங்கிக்கொண்டிருந்ததால் குரல் மட்டும்தான் வந்தது. "நான் இருநூறாவது லெவல்."

"அதான் கழுத்து இந்த லட்சணத்துல இருக்கு. நாள் பூரா குனிஞ்சு போனையே பாத்துட்டு இருந்தா வேற என்ன ஆகும்?"

சொல்லிவிட்டு, குனிந்து போனைப் பார்த்தார்.

பெட்டகத்தை நடத்துபவர் அங்கே 'சாவிக்கொத்து' என்ற பெயரில் உலவினார். மொபைல் கேம்களை உடனே பட்டியலிலிருந்து தூக்க வேண்டும் என்று பரிசோதகர் அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். பதில் இரண்டு வரியில் வந்தது. 'உங்ககிட்ட இருக்கிறதுலயே முந்நூறு கேம் இப்போ போன்லயும் வருது, அதையும் தூக்கிடலாமா? எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி எழுதிக் கொடுங்க, ஓட்டுக்கு விடுறேன்.'

விதி எழுதுவது பரிசோதகருக்குக் கைவந்த கலை. ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் விதியைக் கேட்டுத்தான் ஏறி இறங்கின. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார்: 'டப்பா இல்லாதது கேம் அல்ல.'

அன்று மதியமே ஓட்டில் ஜெயித்தது. மனைவியிடம் காட்டினார்.

"நீங்களே போன வருஷம் டப்பா இல்லாம நிறைய வாங்கினீங்களே. டவுன்லோட் பண்றேன்னு ராத்திரி பகலா இன்டர்நெட்டைப் பிடிச்சு வச்சிருந்தீங்க," என்றாள்.

அவர் எண்ணிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. பெட்டகம் ஏற்கெனவே எண்ணிக் கழித்துவிட்டிருந்தது.

மறுநாள் கத்தரிக்கா ஒரு படம் போட்டது. தரை முழுக்கக் காகிதத்தில் மடித்த குட்டிக் குட்டி டப்பாக்கள், தீப்பெட்டி அளவில். ஒவ்வொன்றின் மேலும் கலர் பென்சிலால் ஒரு கேமின் பெயர். மொத்தம் ஆயிரத்து நூற்று அறுபது. 'டப்பாவை யார் செய்யணும்னு விதியில சொல்லலையே ஐயா' என்று கீழே ஒரு குறிப்பு.

'விதிப்படி சரி' என்றது சாவிக்கொத்து.

அந்த 'ஐயா'தான் பரிசோதகருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. சாயங்காலம் ஒரு கட்டடத்தின் மேலாளர் போன் செய்தார்.

"சார், எங்க லிஃப்டுக்குச் சான்றிதழ் கொடுத்தீங்களே."

"ஆமா. எட்டு பேர் ஏறலாம்."

"இதுல ஆயிரத்து நூத்தி அறுபது பேர்னு போட்டிருக்கு சார்."

அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டாவது விதியை எழுதினார். 'விளையாடாமல் வைத்திருப்பது சேகரிப்பு அல்ல. ஒவ்வொரு கேமிலும் முதல் லெவலை முடித்த படம் அனுப்ப வேண்டும்.' ஆயிரத்துச் சொச்சம் கேமை எவன் உட்கார்ந்து விளையாடுவான் என்பது அவர் கணக்கு. அதுவும் ஓட்டில் ஜெயித்தது.

மொபைல் கேமில் முதல் லெவல் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். கத்தரிக்கா இரண்டே நாளில் எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டு, ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க ஐயா என்று பணிவாகக் கேட்டது.

பரிசோதகர் தன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய டப்பாக்களில் முக்கால்வாசி கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பிரித்ததில்லை. இப்போது பிரிக்காவிட்டால் இடமே போய்விடும். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றைக் கிழித்து, டிவியில் போட்டார்.

குல்லா வைத்த பொம்மை ஒன்று பத்தடி நடந்து பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் நடந்து, மறுபடியும் விழுந்தது. பதினோராவது தடவை விழுந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது ஏன் குதிக்கவே மாட்டேங்குது?"

"பட்டன் மாறிப்போச்சு."

"என்னங்க," என்றாள் மெதுவாக, "உங்களுக்கு விளையாடத் தெரியுமா?"

பரிசோதகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையில் அவர் ஒரு கேம் விளையாடி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. வாங்கினார், பதிந்தார், அடுக்கினார், தூசி தட்டினார். நடுவில் விளையாட நேரம் எங்கே இருந்தது?

ஆபீசுக்கு லீவு போட்டுப் பத்து நாள் உட்கார்ந்தார். கட்டைவிரல் வீங்கி, கண் சிவந்து, முடித்தது இருபத்து மூன்று. மீதியைப் பெட்டகம் ஈவிரக்கமில்லாமல் கழித்தது. பரிசோதகர் நாற்பத்தோராவது இடத்துக்கு இறங்கினார். மனைவி அளவு நாடாவை எடுத்து ரூமின் வாசலை அளந்தாள். கட்டில் உள்ளே போகுமா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்கிறாளாம்.

"இன்னும் மூணு நாள் இருக்கு," என்றார் அவர்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. அளந்தேன், அவ்வளவுதான்."

அன்று மூன்றாவது விதி பிறந்தது. கேமைத் தொட்டால்தானே தனக்கு அடி விழுகிறது? ஆளையே தொட்டுவிட்டால்? 'மொபைல் கேம் வைத்திருப்பவர் சேகரிப்பாளரே அல்ல' என்று ஆரம்பித்தார். 'போனில் ஒரே ஒரு மொபைல் கேம் இருந்தாலும் அவர் பெயர் அடியோடு நீக்கப்படும். உங்கள் போனில் என்னென்ன கேம் இருக்கிறது என்று போனே காட்டும் கேம்கள் பக்கத்தைப் படமெடுத்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்புக. அனுப்பாதவர் பெயரும் நீக்கப்படும்.'

தனக்கு மேலே இருக்கும் நாற்பது பேரின் போனிலும் ஒரு பூனையாவது சோற்றுக்குக் காத்திருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஓட்டுப் போட்டவர்களுக்கும் தெரியும். மேலே இருப்பவர்களைக் கவிழ்ப்பது என்றால் கீழே இருப்பவர்களுக்குக் கசக்குமா? விதி அமோகமாக ஜெயித்தது.

கத்தரிக்கா சண்டைக்கே வரவில்லை. 'நானும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் ஐயா. முன்மொழிஞ்சவரே முதல்ல அனுப்பட்டும்' என்று மட்டும் எழுதியது.

அதுதான் முறை என்றது சாவிக்கொத்து. பரிசோதகருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மடியில் கனம் இல்லாத மனுஷன் அவர்.

பட்டியல் வரும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் வந்து நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். டேபிளில் வழக்கம்போலக் கழுத்துவலிக்காரர் குப்புறக் கிடந்தார். பால்கனிக் கட்டிலின் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

"கட்டிலைத் துடைச்சியா?" என்றார்.

"சும்மா துடைச்சேன்."

"மறுபடியும் மூடி வச்சிடு. பாவம், தூசி படியும்."

மனைவி பிடரியை அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தியிருக்க வேண்டும், கழுத்துவலிக்காரர் முனகினார். பரிசோதகர் அவர் முகம் தொங்கும் பக்கமாகப் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"ஏங்க, இந்த கேம்கள் பக்கம்னு போன்ல ஒண்ணு இருக்காமே. அது எங்கன்னே எனக்குத் தெரியாது. தேவைப்பட்டதே இல்ல பாருங்க. உங்களுக்கு அதெல்லாம் அத்துப்படியா இருக்குமே."

"கொடுங்க சார், என்ன பண்ணணும்?"

"அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, இதோ இந்த சாவிக்கொத்துக்கு அனுப்பிடுங்க. ஒண்ணுமே இருக்காது, காலியாத்தான் இருக்கும். பயப்படாம அனுப்புங்க."

டேபிளுக்கு அடியில் இரண்டு கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. பரிசோதகர் எழுந்து ரூமின் கதவைத் திறந்து, ஏசியைப் போட்டார். அடுக்கியிருந்த டப்பாக்களை ஒரு தரம் கண் குளிரப் பார்த்தார். இனி யாரும் இந்த வாசலில் நாடாவைப் பிடிக்க முடியாது.

"அனுப்பியாச்சு சார்," என்றது குரல்.

"காலியாத்தானே இருந்துச்சு?"

"இல்லையே. ஒண்ணே ஒண்ணு இருக்கு."

மனைவியின் கை பிடரியில் நின்றுவிட்டது. பரிசோதகர் ரூம் வாசலிலேயே திரும்பினார்.

"ஒண்ணா? என் போன்லயா? என்ன கேம்?"

"பெட்டகம்னு போட்டிருக்கு. ஒன்பது வருஷமா ஒருநாள்கூட விடாம விளையாடியிருக்கீங்க," என்றார் கழுத்துவலிக்காரர், தலையைத் தூக்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே. "உங்களுக்குக் கழுத்து வலிக்கலையா சார்?"