சுவருக்குச் சுவர் மேடை

எனக்கு வரைபடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அப்போது தெரியாது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரத்தில் இருநூறு இன்ஜினீயர்கள் பார்த்தார்கள்.

அறுபதுகளின் கடைசி. குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்த இன்ஜினீயர்கள் சங்கத்தில் நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாவது. மூன்று வருடமாக டெம்பரவரி.

சங்கத்தில் தலைமைப் பண்பு மாநாடு நடத்த முடிவு செய்தார்கள். திட்டம் போட ஒன்பது கூட்டம். யார் தலைமை தாங்குவது என்பதிலேயே நாலு கூட்டம் போனது. (டீ கொடுத்தது நான்தான். எனக்குத் தெரியாதா?)

செயலாளர் தேவசகாயம் சார் மெல்லப் பேசுவார். எதையும் வாயால் சொல்வதைவிட வரைந்து காட்டுவது அவருக்குச் சுலபம். ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏழுமலை, மாநாடு நல்லபடியா முடியட்டும். உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி கமிட்டில பேசறேன்."

வீட்டில் மனைவி சரோஜாவிடம் ஒரு வரிதான் சொன்னேன். மறுநாள் தெரு முழுக்க நான் பெர்மனென்ட்.

மாநாடு தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். பந்தல் என் பொறுப்பு. சார் ஒரு படம் கொடுத்தார். நீலத் தாளில் வெள்ளைக் கோடு. மேடை, நாற்காலி, சமையல் கொட்டகை, கேட் எல்லாம் கட்டம் கட்டமாக. எழுத்து இங்கிலீஷ்.

"புரியுதா?"

"புரியுது சார்."

அந்த ஒரு பொய்தான். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

மாநாட்டுக்கு முதல் நாள் பந்தல்காரர் காதர் பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது, ஜாதகமா?"

"இன்ஜினீயர் போட்ட பிளான், பாய்."

"மூலைல அம்பு ஒண்ணு கீதே, இன்னாத்துக்கு?"

"அழகுக்கு."

(அது வடக்காம். பிற்பாடு சொன்னார்கள்.)

படத்தில் ஒரே ஒரு கேட். அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். மூங்கில் வண்டி வந்த கேட் எங்களுக்கு எதிரிலேயே இருந்தது. படத்தை அதற்கு நேராகப் பிடித்தேன். அளவெல்லாம் பொருந்தியது. எதிர்க்கோடியில் மேடை, அதன் பின்னால் சமையல். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் பள்ளிக் கட்டடம், நடுவில் சுவருக்குச் சுவர் மேடை.

பாய் தலையைச் சொறிந்தார். "அந்தாண்ட பெரிய ரோட்டுப் பக்கம் ஒரு கேட்டு கீதேபா. மேட அத்த அடைச்சுக்குமே?"

"இன்ஜினீயருக்குத் தெரியாததா? கட்டு பாய்."

கட்டினார்.

மறுநாள் காலை, படத்தில் இருக்கிற கேட் இதுதானே, எல்லாரும் இப்படித்தான் வருவார்கள் என்று பன்னீர்ச் செம்போடு என் கேட்டில் நின்றேன். வெள்ளைச் சட்டை, சரோஜா வைத்த கஞ்சி முறுமுறுவென்று. அரை மணி நேரம் ஒருத்தரும் வரவில்லை. ஒரு மாடு வந்தது. அப்புறம் பந்தலுக்குள் கைதட்டல் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் ரோட்டுப் பக்கக் கேட்டில் வந்திருக்கிறார்கள். பிரமுகர்கள் ஏற மேடைக்குப் பின்னால் ஒரு படி வைத்திருந்தோம். உள்ளே வர அது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு இன்ஜினீயரும் படியேறி, திரையை விலக்கி, மேடைக்கு நடுவில் வந்து நின்று, திகைத்து, கும்பிட்டு, முன்பக்கம் குதித்தார். முன்பே வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கை தட்டினார்கள். சிட்லபாக்கத்து ஒல்லி இளைஞர் ஒருவர், கைதட்டல் தனக்கு என்று நம்பாமல், யார் வருகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

சீஃப் கெஸ்ட் கடைசியில் வந்தார். கேட்டில் அவரை வரவேற்றது சமையல்காரர்.

"இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டீங்கோ? உப்புமா இன்னும் எறக்கல."

கோட்டில் புகை நாற்றத்தோடு மேடைக்கு வந்தார். எல்லாரையும் போலக் கும்பிட்டுவிட்டுக் குதிக்கப் போனார். தேவசகாயம் சார் ஓடிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் கமிட்டி கூடியது. சங்கத் தலைவருக்கு முகம் சிவந்திருந்தது.

"யார் வேலை இது?"

"நான் சார்."

"நாளையிலேர்ந்து இவன் வேண்டாம்."

எனக்குச் சரோஜா ஞாபகம் வந்தது. தெருவும் ஞாபகம் வந்தது.

தேவசகாயம் சார் படத்தை வாங்கிப் பார்த்தார். "எந்த கேட்டை வச்சுப் பாத்தே?"

"நாங்க வர்ற கேட்டு சார். பின்னாடி."

"முன் கேட் தெரியாதா?"

"தெரியும் சார். அது நீங்க வர்றது."

படத்தைத் தலைவர் முன்னால் விரித்தார். பிறகு தலைவரிடம் சொன்னார்: "மூணு தரம் வந்து அளந்தேன் சார். பின்னாடி ஒரு கேட் இருக்குன்னே நான் பாக்கலை. படம்தான் தப்பு. போகணும்னா நான் போறேன்."

தலைவர், உப்புமா நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பெர்மனென்ட் ஆர்டர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை சரோஜா தெருவில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பல வருடம் கழித்து என் மகள் கல்யாணம். முன் வாசலில் சொந்தக்காரர்கள் பன்னீரோடு நின்றார்கள். நான் பின்னால் சமையல்கட்டில் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கச் சந்து வழியாக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நரைத்த தேவசகாயம் சார் வந்தார்.

"என்ன சார், இப்படி வர்றீங்க?"

"நீ எந்தக் கேட்ல நிப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

இலையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சரோஜா சிரித்தாள். இன்றும் என்னைத் தேடி யாராவது வந்தால் உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பாள்:

"பின் கேட்டுல பாருங்க. பன்னீர்ச் செம்போட நிப்பாரு."