கருநீலத்தில் கரைந்துபோன ரோஜாக்கள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி எழுதப்போவதெல்லாம் புலம்பல்தான், பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

நான் ஓய்வுபெற்ற அன்று ஆசையாக இரண்டு மைப்புட்டிகள் தந்தீர்களே, ஒன்று கருநீலம், ஒன்று புளூ பிளாக், அவை வீட்டுக்குள் வந்ததிலிருந்தே என் நேரம் சரியில்லை. உங்கள் தங்கை இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், சட்டையில பட்டா போகாது" என்றாள். ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டே ஓய்ந்தவன், சும்மா இருக்க முடியுமா? இரண்டிலும் எழுதி ஜன்னல் வெயிலில் ஒட்டினேன், குழாயடியில் பிடித்தேன். கருநீலம் தண்ணீரைக் கண்டதும் ஓடிப்போனது. புளூ பிளாக்கோ எழுதும்போது நீலமாகத்தான் இருக்கிறது, காயக் காயக் கறுத்து, அப்புறம் குளிப்பாட்டினாலும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. இதை விளக்கிய வாயோடு, "உன் நர்சரி ரோஜாவுக்கெல்லாம் இனி நானே பேர்ச்சீட்டு எழுதறேன், மழைக்கும் அழியாது" என்று சொல்லித் தொலைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

பழைய சீட்டுகளை நானே கிழித்துப் போட்டேன். சோதனைக்கு வாங்கிய இரண்டு பேனாவும் ஒரே மாதிரி. கையில் வந்தது கருநீலம் நிரப்பிய பேனா என்று தெரியாமல், தொட்டிக்குத் தொட்டி உட்கார்ந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று அழகாக எழுதினேன். "காயட்டும், கறுக்குதான்னு பாத்துட்டு மீதிய எழுதுங்களேன்" என்றாள் மகராசி. "எனக்குத் தெரியாதா?" என்றேன். மறுநாள் காலை அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகப் போக, பின்னாலேயே எல்லா ரோஜாவும் பெயரில்லாமல் போனது. பூக்காத செடியில் எது சிவப்பு, எது வெள்ளை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெள்ளை ரோஜா கேட்டிருந்த ஓட்டல்காரர் வந்து நின்றார். "பூத்ததும் வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, என்னோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

செடிகளோடு மட்டும் என் காதில் விழும்படி பேசுகிறாள். "உன் பேரு என்னம்மா? தெரியாதா? எல்லாம் தெரிஞ்சவரு ஒருத்தர் உள்ள இருக்காரு, கேளு." அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த காது, இப்போது அதற்கே ஏங்குகிறது மச்சான். மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டெழுதிப் பூவாளிக்கு அடியில் வைத்தேன். அதுவும் நனைந்து, வெறும் நீலத் தாளாக அவள் கைக்குப் போனது. "மன்னிப்புகூட நிக்கலையே" என்றாள், சிவப்போ மஞ்சளோ ஒரு செடியிடம்.

ஆகவே இதைப் புளூ பிளாக்கில், நன்றாகப் பார்த்து நிரப்பி எழுதுகிறேன். இனி மைப்புட்டியைத் தொடமாட்டேன், அவள் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசமாட்டேன், இது சத்தியம். நீங்கள் ஒரு நடை வந்து அவளை என்னோடு பேச வையுங்கள். திட்டினாலும் சரி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் பால்பாயிண்ட் பேனாவோடு பல்லாண்டு வாழட்டும்.

பேச்சுத்துணை இழந்த
உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தைக் காயவைத்திருந்தேன். பூவாளியோடு வந்தவள் குனிந்து பார்த்து, நேராக என்னிடமே, "இதுவும் கருநீலந்தான்" என்றாள். "இல்லவே இல்ல, காயட்டும் பாரு" என்றேன். ஒரு சொட்டு விட்டாள். மேலே கலங்கிக் கிடப்பது என் சத்தியம். அவள் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, தொட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து பூக்கப் பூக்கப் பெயர் எழுதச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. அவளைப் பேச வைக்க நீங்கள் வரவேண்டாம். என்னைக் கூட்டிக்கொண்டு போகவாவது வாருங்கள்.